படிக்காமல் விட்ட ஒன்பது வரிகள்

என் நாவல்களைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுகிற திட்டு பெரும்பாலும் ஒன்றுதான். "முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, இது நியாயமா?" என்கிறார்கள். சிலர் இன்லண்ட் லெட்டரில் எழுதிக் கேட்கிறார்கள். ஒருவர் கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் நான் சேர்க்கவில்லை.

நான் சோம்பலால் முடிக்காமல் விடுகிறேன் என்று ஒரு கட்சி, முடிக்கத் தெரியாமல் விடுகிறேன் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எனக்கு முடிக்கத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். எந்தக் கல்லூரியிலும் படித்து வந்ததல்ல இது. என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்தொன்பது வயது. சாமளாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வேலைக்கு வந்துபோவேன். எங்கள் கம்பெனியில் தையல் மெஷின்களில் எல்லாம் ஆண்கள்தான். பெண்கள் எட்டுப் பேர். கூடத்தின் ஒரு மூலையில் பழைய துணியை விரித்து வட்டமாக உட்கார்ந்திருப்போம். தைத்து வரும் பனியன்களில் அங்கங்கே நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பதுதான் பிசிறு வெட்டுவது. வேலை சுலபம். ஆனால் சாயந்திரம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் அதிலும் பிசிறு தெரியும்.

மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினால்தான் கேட்கும். மத்தியானம் சங்கு ஊதி அவை நின்றதும் கூடமே காது அடைத்துத் திறந்த மாதிரி ஆகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் நான் தூக்குப்போசியை ஒரு பக்கமும் வாரப் பத்திரிகையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். வியாழக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்ட் கடையில் அதை வாங்கிவிடுவது என் வழக்கம். எட்டுப் பேரில் தடங்கல் இல்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"என்ன அம்மிணி, தனியாச் சிரிச்சுக்கற? எங்களுக்கும் படிச்சுக் காட்டு. நாங்களும் சிரிக்கறோம்" என்று ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் கதை நேரமாகிவிட்டது. நான் படிப்பேன், அவர்கள் சாப்பிடுவார்கள். பிறகு மெஷின் ஓட ஆரம்பித்ததும் நான் சாப்பிடுவேன். என் பங்குப் பனியன்களை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து வெட்டி முடித்துவிடுவார்கள். யாரும் உட்கார்ந்து பேசிப் போட்ட ஏற்பாடு இல்லை. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

பத்திரிகையில் ஒரு வாரத்துக்கு வரும் தொடர்கதையை ஒரே மத்தியானத்தில் படித்து முடிக்க முடியாது. வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்வேன். அதனால் சனிக்கிழமை மட்டும் எழுத்தாளர் நிறுத்திய இடத்தில் நிற்கும். மற்ற இரண்டு நாளும் எங்கே நிறுத்துவது என்பது என் இஷ்டம். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. இங்கே நான் வாயை மூடினால் ஏழு பேர் தவித்தார்கள்.

ஆரம்பத்தில் எனக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்துவேன். கதவு தட்டப்படுகிறது, இருட்டில் யாரோ நிற்கிறார்கள், விளக்கு அணைகிறது. இப்படி ஒரு இடம் பார்த்துப் பத்திரிகையைப் பட்டென்று மூடுவேன். "ஐயோ" என்பார்கள். ஆனால் அந்த ஐயோ இரண்டு பனியன் வெட்டுவதற்குள் தீர்ந்துபோகும். "பால்காரனா இருக்கும்" என்று ஒருத்தி சொல்வாள். பேச்சு அவரவர் வீட்டுப் பால்காரனிடம் போய்விடும். மறுநாள் நான் பத்திரிகையைப் பிரிக்கும்போது கதவை யார் தட்டினார்கள் என்பதே பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

ஒரு நாள் சங்கு சீக்கிரம் ஊதிவிட்டதால், வேறு வழியில்லாமல் சப்பென்ற ஓரிடத்தில் நிறுத்த வேண்டி வந்தது. கதாநாயகிக்கு ஒரு கடிதம் வருகிறது. அவள் அதைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்கு அடியில் வைக்கிறாள். அவ்வளவுதான். அன்று சாயந்திரம் வரைக்கும் எங்கள் மூலையில் சண்டை. பிரித்துப் படித்துவிட வேண்டும் என்று மூன்று பேர். அடுப்பில் போட வேண்டும் என்று மூன்று பேர். ஒருத்தி மட்டும், "பானையில அரிசி தீர்ற அன்னைக்கு எடுப்பா பாரு" என்றாள். கதாநாயகியைப் பற்றிப் பேசுகிற சாக்கில் ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அதை வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தைக் காட்டினால் ஆட்கள் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒருத்தி முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினால், கேட்கிறவள் அந்த முடிவைத் தானே எடுக்கத் தொடங்கிவிடுகிறாள். பிறகு அவளைக் கதையிலிருந்து யாரும் வெளியே இழுக்க முடியாது. இதை இன்றைக்கும் நம்புகிறேன். என்னுடைய ஒரு அத்தியாயமாவது கதவு தட்டுவதில் முடிந்திருந்தால் காட்டுங்கள்.

எங்கள் சூப்பர்வைசர் கண்டிப்பான மனிதர். பெண்கள் கூடிப் பேசினாலே அவருக்கு ஆகாது. ஆனால் கதை நேரத்தில் மட்டும் எங்கள் பக்கத்தில் இருக்கும் தூணை ஒட்டி நின்று, எண்ணிவைத்த பனியன் கட்டுகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் கதையை நிறுத்தியதும் பொறுக்க முடியாமல், "ஏம்மா, அந்தப் புள்ள லெட்டரை எடுத்துச்சா இல்லியா? சொல்லிப்போட்டு எந்திரி" என்றார். கூடமே சிரித்தது. அவர் முகம் சிவந்துபோய்க் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு நடந்தார்.

அந்தக் கதை இதுதான். கதாநாயகி ஒரு தபால்காரரின் மகள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடிக்கிறான். ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியேறி, டவுன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்கிறாள். புருஷன் மனம் திருந்தியதாகக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறான். உண்மையாகவே திருந்தினானா, அவள் திரும்பிப் போவாளா? பதினெட்டு வாரம் இதை வைத்தே ஓட்டினார் அந்த எழுத்தாளர். கெட்டிக்காரர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது பிற்பாடு.

எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியை வெள்ளகோவில் அக்கா என்று கூப்பிடுவோம். வெள்ளகோவிலுக்குக் கட்டிக்கொடுத்து, அங்கே இருக்க முடியாமல் வந்துவிட்டவள். விட்டுவந்த ஊரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். வீரபாண்டியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். எழுத்து தெரியாது, கைநாட்டுதான். ஆனால் பிசிறு பார்ப்பதில் அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. நாங்கள் பார்த்து முடித்த பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், தப்பிய நூல் ஒன்றாவது அவள் கண்ணில் பட்டுவிடும்.

அவள் புருஷன் அவளை மாடு ஓட்டும் சாட்டையால் மூன்று தடவை அடித்திருக்கிறான். மூன்றாவது தடவை அடித்த தழும்பை, கம்பெனித் தண்ணீர்த் தொட்டியில் அவள் முகம் கழுவும்போது நானே பார்த்திருக்கிறேன். இப்போது அவன் வந்து அண்ணனிடம் அழுதுவிட்டுப் போயிருந்தான். இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தானாம். அண்ணனுக்குத் தங்கையை வைத்துக்கொள்ள மனசு உண்டு. ஆனால் நங்கையாள், அதாவது அண்ணன் பெண்டாட்டி, இவளுக்குச் சோறு போடும்போது மட்டும் வட்டிலைத் தரையில் சத்தம் வர வைப்பாளாம். "அந்தச் சத்தம் சாட்டையை விட வலிக்குது அம்மிணி" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கதையின் கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. புருஷன் கடைசியாக ஒரு கடிதம் போட்டு, பஸ்ஸில் கிளம்பி வரச் சொல்கிறான். அவள் பெட்டியை எடுத்து வைக்கிறாள். அங்கே எழுத்தாளர் நிறுத்திவிட்டார். அடியில் 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது. எல்லோரும் கத்தரியைக் கையில் எடுத்த பிறகும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். சொல்ல ஏதோ இருந்தது. மெஷின் சத்தம் தொடங்குவதற்குள் தொட்டிப் பக்கம் போனோம்.

"நாளைக்கு உட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை அவிக ஊட்டு ஒறம்பரைச் சனமெல்லாம் பேச வர்றாங்க. போறயா இல்லியான்னு அன்னைக்குச் சொல்லிப்போடோணும். அண்ணன் என் வாக்கைத்தான் கேக்குது" என்றாள்.

"நீங்க என்னுங்க்கா நினைக்கறீங்க?"

"எனக்கு ஒண்ணுந் தெரியல. பூக் கேட்டுப் பாத்தேன். ரெண்டு செவ்வாய்க்கிழமையும் போனேன். பூ விழுகவே இல்ல."

எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் சாமியிடம் பூக் கேட்பது வழக்கம். சாமியின் இரண்டு தோளிலும் பூவை வைத்துவிட்டுக் கும்பிட்டு நிற்பார்கள். வலது பக்கத்துப் பூ விழுந்தால் செய், இடது பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். கிணறு வெட்டுவதும் பெண் கொடுப்பதும் அதைக் கேட்டுத்தான். அக்காவுக்கு மாரியம்மன் இரண்டு தடவையும் இரண்டு பூவையும் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"அதனால, இந்தக் கதையவே பூவா வெச்சுக்கிட்டேன். அவ போனா நானும் போறேன். அவ போகலீன்னா நானும் போகல" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க்கா, அது யாரோ மெட்ராஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதறதுங்க. சாமி வாக்கு இல்லீங்க."

"சாமி யாரு கையில வேணாலும் எழுதும். நீ படி, போதும்."

அடுத்த வியாழக்கிழமை பத்திரிகையை வாங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே நின்றபடி கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். முழுக்கப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. பஸ் வருகிறது. அவள் ஒரு காலைப் படியில் வைக்கிறாள். கண்டக்டர், "ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்கிறார். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அதுவரைக்கும் பிரமாதம். அதற்குப் பிறகு ஒன்பது வரிகள். அந்த ஒன்பது வரியில் அவள் பஸ் ஏறுகிறாள், ஊர் போய்ச் சேர்கிறாள், அவன் வாசலில் நிற்கிறான், அவள் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். அடி வாங்கியவள் மன்னிப்புக் கேட்கிறாள். நான் பத்திரிகையைச் சுருட்டி அங்கிருந்த கம்பத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். பக்கத்தில் நின்ற ஆள் நகர்ந்து போய்விட்டார்.

வியாழனும் வெள்ளியும் வழக்கம்போலப் படித்தேன். வெள்ளிக்கிழமை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு முடிவு தெரியும் அம்மிணி. சொல்லாத. நாளைக்கு எல்லாரோடவும் கேட்டுக்கறேன்" என்றாள்.

உள்ளபடி படித்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தச் சாட்டைக்குத் திரும்பிப் போவாள். முதலில் எனக்குத் தோன்றியது மாற்றிப் படிப்பதுதான். கதாநாயகி காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடுகிறாள் என்று ஒன்பது வரியை நானே கட்டினேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் ஊர் நெருங்க நெருங்க வேறு கேள்விகள் வந்தன. அவன் நிஜமாகவே திருந்தியிருந்தால்? நங்கையாள் ஒரு நாள் வட்டிலை எடுத்து வெளியே எறிந்துவிட்டால்? பத்தொன்பது வயதில், கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத நான், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குப் பூ விழவைக்க யார்? மெட்ராஸ்காரருக்கு அந்த உரிமை இல்லை என்று கம்பத்தில் அடித்தவள்தானே நான்? எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதியது. சூப்பர்வைசர் இந்தத் தடவை கட்டு எண்ணுகிற நடிப்பெல்லாம் விட்டுவிட்டு, ஒரு ஸ்டூலையே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். தையல்காரர்கள் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள். அக்கா எனக்கு இடது பக்கம், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் தூக்குப்போசியைத் திறக்கவில்லை. நான் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு படித்தேன். பஸ் வந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். கண்டக்டர் கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"முற்றும்" என்று சொல்லிப் பத்திரிகையை மூடிவிட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடிக்க முடியாது. அந்த வரி வரைக்கும் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது, அவ்வளவுதான். பயத்தில் நின்றது.

ஆளாளுக்குச் சண்டைக்குக் கிளம்பினார்கள். "இதென்ன கொடுமை, அடுத்த வாரம் வருமல்லோ?" என்றாள் ஒருத்தி. "முற்றும்னு போட்டிருக்குதுங்க" என்றேன். "பதினெட்டு வாரம் உக்கார வெச்சுப்போட்டு இப்பிடிக் கழுத்தறுப்பானா ஒருத்தன்?" என்று சூப்பர்வைசர் ஸ்டூலைக் காலால் தள்ளினார். ஏறிவிட்டாள் என்று ஒரு தையல்காரர் அடித்துச் சொன்னார். படியில் கால் வைத்தவள் ஏறாமல் இருப்பாளா என்பது அவர் கட்சி. "திரும்பிப் பாத்தவ ஏறமாட்டா" என்று எங்கள் பக்கத்தில் குரல் எழுந்தது. கூடம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. நான் பத்திரிகையை மடித்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன். கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரிந்த பாய் வீட்டு அக்கா ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். அவள், "குடு, படமாச்சும் பாக்கறேன்" என்று கை நீட்டினாள். பத்திரிகை எங்கள் ஊர்க் கடைக்காரருடையது, கசங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

வெள்ளகோவில் அக்கா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இரண்டாவது சங்கு ஊதுவதற்கு முன்பே கத்தரியை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டாள். நாலு மணி வாக்கில் கரண்ட் போய் மெஷின்கள் நின்றன. அப்போது அவள் தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டாள்:

"ஏன் அம்மிணி, அந்த பஸ் ஸ்டாண்டுல வேற பஸ்ஸே வராதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "வருங்க்கா. டவுன் பஸ் ஸ்டாண்டுன்னா எத்தனையோ பஸ் வரும்" என்றேன்.

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கம்பெனிக்கு வந்தேன். அக்கா அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டையும் இரண்டு ஈயப் பாத்திரமும் இருந்தன. புருஷன் வீட்டு உறவுக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, வெள்ளகோவிலுக்கும் வரவில்லை, அண்ணன் வீட்டிலும் இருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாளாம். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அண்ணன் ஊர் என்ன சொல்லும் என்று கத்தியிருக்கிறார். பாத்திரம் இரண்டையும் கொடுத்தது நங்கையாள்தான். பாய் வீட்டு அக்கா குடியிருந்த லைன் வீட்டில், அவளுக்கு அடுத்த அறை காலியாக இருந்தது. அன்று சாயந்திரமே அக்கா அங்கே குடி போனாள். அந்தக் காலத்தில், புருஷன் இருக்கும்போது, பிறந்த வீடும் இருக்கும்போது, தனியாக ஓர் அறை எடுத்து இருந்த பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கதை இந்த இடத்தில் நின்றால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் நிற்கவில்லை. லைன் வீட்டில் இருந்தவர்கள் அவளைப் பற்றிப் பேசாத பேச்சு இல்லை. மழைக்கு ஓடு ஒழுகியது. ஒரு தடவை டைபாய்டு வந்து இருபது நாள் படுத்துவிட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தது பாய் வீட்டு அக்காதான். நான் போய்ப் பார்த்தபோது, அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கேட்ட பூவை நான் அல்லவா கையில் பிடித்து நிறுத்திவிட்டேன்? இரண்டு வருஷத்தில் அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணை அவன் அடித்ததாக யாரும் சொல்லவில்லை. திருந்தியேதான் இருந்தானோ என்னவோ.

பிறகு எனக்கும் கல்யாணமாகிக் கம்பெனியை விட்டேன். எழுத ஆரம்பித்தேன். எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் என் முதல் தொடர் வந்தது. கடைசி அத்தியாயத்தில் முடிவு இல்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பினார். நான் அப்படியே திரும்ப அனுப்பினேன். வாசகர்கள் ஏமாந்துபோவார்கள் என்று எழுதினார். ஏமாறட்டும், ஆனால் மறக்க மாட்டார்கள் என்று பதில் போட்டேன். அப்படியேதான் வெளிவந்தது. திட்டி எழுதிய கடிதங்கள் குவிந்தன. அடுத்த தொடரையும் என்னையே எழுதச் சொன்னார்.

வெளியில் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தாலும், உள்ளே அந்த ஒன்பது வரி உறுத்திக்கொண்டே இருந்தது. என் கதையை நான் முடிக்காமல் விடலாம். அடுத்தவர் எழுதிய முடிவை, அதையே நம்பிக் காத்திருந்தவளிடமிருந்து மறைத்தது வேறு கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவள் வீட்டுக்குப் போனேன்.

அதே லைன் வீடு, அதே அறை. ஓடு மாற்றியிருந்தார்கள். கம்பெனியில் அவள் இப்போது செக்கிங் பகுதிக்கே பொறுப்பு. முப்பது பெண்கள் அவள் கீழே. கையெழுத்து மட்டும் போடப் பழகியிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா அம்மிணி, இளைச்சுப்போயிட்டியே" என்று பாயை விரித்தாள். காபி வைக்கப் போனவளை உட்காரவைத்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. அந்தக் கதை. பஸ்ஸுக் கதை. அன்னைக்கு நான் முழுசாப் படிக்கலீங்க. கடைசியில இன்னும்..."

அவள் சட்டென்று கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். பெரிய கை. பனியன் துணி வாசம் அடித்தது.

"தெரியும்" என்றாள்.

நான் அவள் கையை விலக்கினேன். "என்னுங்க்கா தெரியும்?"

"உன்ற வெரல் நின்னுபோச்சு. அதுக்குக் கீழ இன்னும் எழுத்து இருந்துச்சு. ஒம்பது வரி. எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணவுமா தெரியாது? நீ முற்றும்னு சொல்றதுக்குள்ள எண்ணிப்போட்டேன்."

இத்தனை வருஷமாக நான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததை, அவள் முதல் நிமிஷத்திலிருந்தே சுமந்துகொண்டிருந்தாள்.

"அப்பறம் ஏனுங்க்கா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா படிச்சிருப்பனே."

"படிச்சிருப்பே. அதான் கேக்கல." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ வெறுமனே நிறுத்தற புள்ள இல்ல. எனக்குப் புடிக்காதது எதோ கீழ இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. கேட்டுப்போட்டா அப்பறம் அதுதான் பூவு. போயித்தான் தீரோணும். கேக்காத வரைக்கும் நான் எங்க வேணாலும் போலாமல்லோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதை எழுதத் தெரியும் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தவள், அந்தப் பாயில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இப்போதாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையைப் பலமாக ஆட்டினாள்.

"அவ அங்கயே நிக்கட்டும் அம்மிணி. காலையில வேலைக்குப் போகயில நெனச்சுக்குவேன், இன்னைக்கு அவ எந்த பஸ்ஸுல ஏறுவான்னு. ஒரு நாளைக்கு ஒரு பஸ்ஸுல ஏத்தி உடுவேன். நீ சொல்லிப்போட்டா அவளுக்கு ஒரே ஊருதான்."

சொல்லிவிட்டு, காபிக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனாள்.